காகமும் பெரிய மஞ்சள் பறவையும்

கிளிநொச்சியில் இருந்துகொண்டு நியூயோர்க் தெரு ஒன்றைப் பற்றி எழுதச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. அதுவும் உண்மையான தெருவில்லை, ஸ்ரூடியோவுக்குள் போட்ட செற். ஆனால் முன்பள்ளி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் என் வேலையில் எந்தக் கையேட்டையும்விடக் கூடுதலாகக் கைகொடுத்தது ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற அந்தச் சிறுவர் கதம்ப நிகழ்ச்சிதான். நிகழ்ச்சி என்பதைவிட, அதைச் செய்தவர்கள் எப்படி வேலைசெய்தார்கள் என்ற கதை என்று சொல்லலாம்.

நாங்கள் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இல்லை. 1990க்குப் பிறகு வன்னியில் மின்சாரம் கிடையாது. போர் முடிந்த பிறகுதான் கம்பி ஊர் ஊராக வந்தது. படம் பார்ப்பதென்றால் ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றரை முற்றத்து மூலையில் வைத்து, விடிய விடியப் பார்ப்பது. அந்த எண்ணெயைச் சிறுவர் நிகழ்ச்சிக்கு யார் செலவழிப்பார்கள்? பற்றரிக்கும் தடை இருந்த காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். ஆகவே நான் அந்த நிகழ்ச்சியை முதலில் பார்த்தது, மீள்குடியேறிய பிறகு நடந்த ஒரு பயிற்சிப் பட்டறையில், புரொஜெக்டரில். அப்போது நான் ரீச்சர். பார்க்க வேண்டிய வயது எப்போதோ கடந்துவிட்டது.

அதன் தொடக்கம் ஒரு இராச்சாப்பாட்டில். 1966இல் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் ஜோன் கான்ஸ் கூனியின் வீட்டு விருந்துக்கு, லொயிட் மொரிசெட் என்ற உளவியலாளர் வந்திருந்தார். அவருடைய மூன்று வயது மகள் விடியற்காலையில் எழும்பி, நிகழ்ச்சிகள் தொடங்குமுன் திரையில் நிற்கும் வெறும் கோட்டுப்படத்தை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாளாம். விளம்பரப் பாட்டெல்லாம் அவளுக்குப் பாடம். இந்தப் பெட்டி பிள்ளைகளுக்கு ஏதும் படிப்பிக்குமா என்ற பேச்சு அங்கேதான் எழுந்தது. சவர்க்காரம் விற்கிற உத்தியால் எழுத்தையும் இலக்கத்தையும் விற்றுப் பார்த்தால் என்ன என்று அது வளர்ந்தது. ஏழை வீடுகளின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போதே பின்தங்கிப் போகக்கூடாது என்பதுதான் நோக்கம். 1969 நவம்பர் 10ஆம் திகதி முதல் நிகழ்ச்சி போனது. அதை ‘வழங்கியோர்’ டபிள்யூ, எஸ், ஈ என்ற எழுத்துகளும் 2, 3 என்ற இலக்கங்களும். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பகிடி உடனே பிடிபடும்.

இதெல்லாம் சரி. எனக்குப் பயன்பட்டது எட்வர்ட் பால்மர் என்ற ஆராய்ச்சியாளர் செய்த வேலை. பிள்ளைக்கு முன்னால் நிகழ்ச்சியைப் போடுவார். பக்கத்தில் இன்னொரு திரையில் ஏழரை செக்கனுக்கு ஒருமுறை மாறும் படங்கள். பிள்ளையின் கண் எப்போது நிகழ்ச்சியை விட்டுப் பக்கத்துத் திரைக்குப் போகிறது என்று ஒருவர் குறித்துக்கொண்டே இருப்பார். கண் போன இடமெல்லாம் நிகழ்ச்சி தோற்ற இடம். எழுதியவர் எவ்வளவு பெரிய ஆளென்றாலும் அந்தத் துண்டை வெட்ட வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்.

விசுவமடுப் பக்கத்து முன்பள்ளியில் இதைச் செய்ய இரண்டாவது திரை தேவைப்படவில்லை. அரைச்சுவர், மேலே தகரம். வெளியே லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் போகும், ஐஸ்கிறீம் வான் பாட்டோடு வரும், கூரையில் மயில் வந்து குதிக்கும். ஒரு ரீச்சர் கதை சொல்ல, இன்னொருவர் கதையைக் கேட்காமல் பிள்ளைகளின் கண்களை மட்டும் பார்க்க வேண்டும் என்பதுதான் பயிற்சி. ஆசிரியர்களுக்கு இது துளியும் பிடிக்காது. கண்காணிக்கிறார்கள் என்று முகம் சுருங்கும். ஆனால் குறிப்புக் கொப்பியை விரித்தால் விஷயம் வெளிச்சமாகும். “ஆகவே பிள்ளைகளே...” என்று நீதி சொல்லத் தொடங்கியதும் பாதிப்பேர் வீதியைப் பார்க்கிறார்கள். ரீச்சர் நரியைக் கரடி என்று வாய் தவறிச் சொன்னால் எல்லாக் கண்ணும் ஒரே நேரத்தில் திரும்பி வருகிறது. “ரீச்சர், அது நரி!” பிறகு சிலர் வேண்டுமென்றே பிழைவிடப் பழகிக்கொண்டார்கள். அது வேறு கதை.

இப்படிப் பார்த்ததால்தான் அந்த நிகழ்ச்சியே தலைகீழாக மாறியது. 1969 ஜூலையில் பிலடெல்பியாவில் ஐந்து சோதனை நிகழ்ச்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். கற்பனையையும் நிஜத்தையும் கலந்தால் பிள்ளை குழம்பும் என்று நிபுணர்கள் சொன்னதால், தெருக் காட்சிகளில் மனிதர்கள் மட்டும், பாவைகள் வேறு துண்டுகளில். பாவை வந்தால் பிள்ளைகள் பார்த்தார்கள். தெரு வந்ததும் பராக்குப் பார்த்தார்கள். நிபுணர்கள் சொன்னதை ஒருபக்கம் வைத்துவிட்டு, பாவைகளைத் தெருவிலேயே குடியேற்றினார்கள். ஜிம் ஹென்சன் குழுவின் பிக் பேர்ட் என்ற எட்டடி இரண்டங்குல மஞ்சள் பறவையும், குப்பைவாளிக்குள் இருந்து எரிந்துவிழும் ஒஸ்காரும் அப்படி வந்தவர்கள்தான்.

பிக் பேர்டுக்குள் கரோல் ஸ்பின்னி என்ற மனிதர் நாற்பத்தைந்து வருடம்போல இருந்தார். வலக்கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் அது பறவையின் தலை. இடக்கை சிறகு. வெளியே எதுவும் தெரியாது. நெஞ்சில் கட்டிய சின்னத் திரையில் தன்னைத் தானே பார்த்தபடி நடக்க வேண்டும். முதலில் அந்தப் பறவை ஒரு மண்டு நாட்டுப்புறத்தான் மாதிரித்தான் இருந்தது. அதைக் கேள்வி கேட்கிற சின்னப்பிள்ளையாக மாற்றலாம் என்றவர் ஸ்பின்னி. கைவலியோடு வேலைசெய்கிறவனுக்குத்தான் இப்படி யோசனை வரும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

எங்களிடம் எட்டடிப் பறவை இல்லை. கறுப்புக் கால்மேசு ஒன்று, சட்டைப் பொத்தான் இரண்டு, சொண்டுக்குச் சிவப்புத் துணி. காகம் தயார். நாலு வயதுப் பிள்ளை ரீச்சரின் வாய் அசைவதைப் பார்க்கும், சந்தேகமே இல்லாமல் பார்க்கும். பிறகு காகத்திடம்தான் பதில் சொல்லும். ரீச்சரிடம் ஒரு மாதம் வாய் திறக்காத பிள்ளை காகத்திடம், “நீ சாப்பிட்டியோ?” என்று கேட்டதை நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன்.

எல்லோருக்கும் அந்த நிகழ்ச்சி பிடிக்கவில்லை. 1971இல் பிபிசியின் சிறுவர் பகுதிப் பொறுப்பாளர் மொனிக்கா சிம்ஸ் அதை வேண்டாம் என்றுவிட்டார். அதன் நோக்கங்களில் அதிகாரத் தோரணை இருக்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. அதில் கொஞ்சம் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். எழுத்தை ஒப்புவிக்கிற பிள்ளையைப் பார்த்துப் பூரிக்கிற வியாதி எங்கள் ஊரிலும் உண்டு. அதற்கு முந்திய வருடம் மிசிசிப்பியில் நடந்ததில் நியாயமே இல்லை. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தெருவில் ஒன்றாகப் பழகுவதைக் காட்டுகிறது என்று அந்த மாநிலத்தின் கல்வித் தொலைக்காட்சிக் குழு நிகழ்ச்சியைத் தடுத்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் 22 நாளில் முடிவை மாற்றினார்கள். இதைப் பட்டறையில் சொல்லும்போது அமெரிக்காவைப் பற்றிய கதை என்று எல்லோரும் தலையாட்டுவார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் தங்கள் பிள்ளையை இருத்த வேண்டாம் என்று காதோடு சொல்லிவிட்டுப் போகிற பெற்றோரைப் பற்றிக் கேட்டால்தான் தலைகள் ஆடுவது நிற்கும்.

ஸ்னஃபலப்பகஸ் என்றொரு பெரிய யானை மாதிரிப் பிராணி பிக் பேர்டின் நண்பன். வருடக்கணக்காகப் பெரியவர்கள் வரும் நேரம் பார்த்து அது மறைந்துவிடும். பிக் பேர்ட் சொல்வதை ஒருவரும் நம்பமாட்டார்கள். நல்ல பகிடிதான். ஆனால் பிள்ளை சொல்வதைப் பெரியவர்கள் நம்பமாட்டார்கள் என்று ஒவ்வொரு நாளும் காட்டினால், துன்புறுத்தப்படும் பிள்ளை வாய் திறக்குமா என்ற கேள்வி வந்தது. 1985 நவம்பரில் பெரியவர்களும் ஸ்னஃபியைக் கண்டார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பகிடி அத்தோடு சரி. சிறுவர் பாதுகாப்புப் பற்றி நான் எடுக்கும் வகுப்பு இந்தக் கதையில்தான் தொடங்கும். சட்டப்பிரிவுகளில் தொடங்கினால் ஆசிரியர்களின் கண்ணும் வீதிக்குப் போய்விடும்.

ஆனால் வன்னியில் அந்த நிகழ்ச்சியின் கதைகளில் ஒன்றுக்குத்தான் நாங்கள் திரும்பத் திரும்பப் போனோம். தெருமுனைக் கடைக்காரர் மிஸ்டர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்துபோனார். வேறு நடிகரைப் போட்டிருக்கலாம், கடைக்காரர் ஓய்வெடுத்து ஊர்மாறிப் போய்விட்டார் என்றும் சொல்லியிருக்கலாம். அவர்கள் உண்மையைச் சொல்வதென்று முடிவெடுத்தார்கள். உளவியலாளர்களைக் கேட்டு எழுதி, பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டிப் பார்த்து, 1983 நவம்பர் 24ஆம் திகதி, பெற்றோர் வீட்டில் நிற்கும் நன்றிநவிலல் விடுமுறை நாளாகப் பார்த்து ஒளிபரப்பினார்கள். பிக் பேர்ட் எல்லோரையும் படமாக வரைந்து கொண்டுவருகிறது. ஹூப்பரின் படம் கையில் மிஞ்சுகிறது. அவர் வந்ததும் கொடுக்கிறேன் என்கிறது. செத்தவர்கள் திரும்பி வருவதில்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். வருத்தம், ஆஸ்பத்திரி என்று எந்தக் காரணமும் சொல்லவில்லை. காய்ச்சல் வந்தாலே சாவு என்று பிள்ளை பயந்துவிடுமே. ஏன் இப்படி நடக்க வேண்டும் என்று பறவை கேட்கும்போது அவர்களிடமும் பதில் இல்லை.

அந்தத் துண்டைத் தாய்மாருக்கும் அம்மம்மாமாருக்கும் போட்டு, பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். 2009இல் போர் முடிந்த பிறகு இங்கே நிறைய வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது, அப்பா வெளிநாட்டில் என்பதுதான். அந்தப் பொய் எவ்வளவு நாள் நிற்கும்? ஐந்து வயதுப் பெடியன் கேட்கிறான்: “சித்தப்பா பிரான்சில இருந்து ஒவ்வொரு ஞாயிறும் போன்ல கதைக்கிறார். அப்பா மட்டும் ஏன் கதைக்கிறேல்ல?” வெளிநாடென்றால் போன் வரும் என்று வன்னியில் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். துண்டு முடிந்ததும் ஒரு அம்மம்மா சொன்னார்: “அந்தப் பெரிய கோழி கேக்கிறதைத்தானே பிள்ளை என்ர பேரனும் கேக்கிறான்.” எல்லோரும் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள். பிறகு சில வீடுகளில் பிள்ளைகளுக்கு உண்மை சொல்லப்பட்டது. சொன்ன பிறகு பிள்ளை நன்றாக நித்திரை கொள்கிறது என்று ஒரு தாய் வந்து சொன்னார்.

அதே கூட்டத்தில் பின்வரிசையில் இருந்த இன்னொரு தாய் எழும்பினார். “எனக்கு என்ன சொல்லித் தாறியள் ரீச்சர்? வட்டுவாகலில என்ர கண்ணுக்கு முன்னாலதான் அவர் பஸ்ஸில ஏறினவர். செத்தவர் எண்டு நான் எப்பிடிப் பிள்ளைக்குச் சொல்லுறது?” போரின் கடைசி நாள்களில் அங்கே இராணுவத்திடம் சரணடைந்து, பிறகு என்ன ஆனார்கள் என்றே தெரியாமல் போனவர்களில் அவருடைய கணவரும் ஒருவர். அந்தத் தாயின் நெற்றியில் குங்குமம் இருந்தது. அவர் வீட்டில் திவசம் இல்லை. காகத்துக்குச் சோறு வைப்பதில்லை, வைத்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் அவரும் போய் இருந்தவர். ஹூப்பரின் கதை இவருக்கு உதவாது. இறப்பை நேராகச் சொல்ல அந்தத் தெருவுக்குத் தெரிந்திருந்தது. உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத ஒருவரைப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

பல மாதம் கதைத்துக் கதைத்து, காகம் என்ன சொல்லலாம் என்று ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு சின்னப் பேச்சை எழுதினோம். எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. பெரிய ஆட்கள் தேடிக்கொண்டிருக்கினம். நீ எப்பவும் கேட்கலாம், கேட்டால் ஒருத்தரும் ஏசமாட்டினம். இவ்வளவுதான். கடைசி வரிதான் முக்கியம் என்பது என் எண்ணம். அப்பாவைப் பற்றிக் கேட்டால் அம்மா அழுவாள் என்று கேள்வியை விழுங்கிக்கொள்ளும் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

முள்ளியவளையில் படிப்பிக்கும் ஒரு ரீச்சர் இதை ஏற்கவில்லை, இன்றுவரை. முதல் காரணம், காகம். பிதிர்களுக்குச் சோறு வைக்கிற பறவையைக் கொண்டு இந்த வசனத்தைச் சொல்லுவித்தால், தாய் மறுக்கிற விஷயத்தைப் பாவை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்கிறார். அதை உடனே ஒப்புக்கொண்டேன். அவர் அணில் ஒன்று செய்து வைத்திருக்கிறார். இரண்டாவது காரணம் அப்படி இலேசில் தீராது. 1992இல் அந்த நிகழ்ச்சிக்காரர் பெற்றோரின் விவாகரத்துப் பற்றி ஒரு பாகம் எடுத்தார்கள். பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினால் அதுகள் பயந்து அழுதன, தன் அம்மா அப்பாவும் பிரிந்துவிடுவார்கள் என்று நினைத்தன. அவ்வளவு செலவழித்து எடுத்ததைத் தூக்கிப் பெட்டிக்குள் போட்டார்கள், ஒளிபரப்பவே இல்லை. “அவையள் பரீட்சிச்சுப் பாத்து எறிஞ்சவை. நீங்கள் பரீட்சிச்சுப் பாத்தனியளோ?” என்று கேட்கிறார்.

எந்தப் பிள்ளையில் பரீட்சிப்பது? தாய் கூட இருக்க, தாயே கையில் பாவையைப் போட்டுச் சொல்வதாக இருந்தால் மட்டும் என்று இப்போதைக்கு வைத்திருக்கிறோம். அவர் அதற்கும் முழுதாகச் சம்மதமில்லை. அடுத்த பட்டறைக்கு அணிலையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், சண்டையை அங்கே வைத்துக்கொள்வோம் என்று.