ஷாக்குக்கு வேர்க்காத ஆளுங்க

ஜூன் 3
செமினாருக்கு டாபிக் முடிவாயிடுச்சு, ஜெயில்ல இருக்க சைக்கோபாத் குணமுள்ள ஆளுங்களோட மனசு, அதாவது அடுத்தவன் வலியோ குற்ற உணர்ச்சியோ பெருசா தொடாத ஆளுங்க. இன்னிக்கு ஃபுல்லா ராபர்ட் ஹேர்ங்கற கனடா சைக்காலஜிஸ்ட்தான். 1960கள்ல கனடா ஜெயில் கைதிங்கள வச்சு இவர் பண்ண சோதனை, 1லேர்ந்து 12 வரைக்கும் நம்பர் ஒவ்வொண்ணா வரும், 8 வந்தா ஷாக், அத முன்கூட்டியே சொல்லிடுவாங்க. மத்த கைதிங்களுக்கு 8 வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே கை வேர்த்துடுது, சைக்கோபாத்துங்களுக்கு 8 கிட்டக்க வர்ற வரைக்கும் பெருசா ஒண்ணும் காணோம். அப்புறம்தான் ஒருத்தன் சைக்கோபாத்தானு பாக்க இவர் பண்ண 20 பாயின்ட் செக்லிஸ்ட், மொத்தம் 40 மார்க், அமெரிக்கா கனடால 30ஓ அதுக்கு மேலயோ வந்தா சைக்கோபாத்னு கணக்கு. ஜெயில்ல இருக்கவன் எல்லாம் இதுல வரமாட்டான், ஒரு சின்ன பங்குதான்.

ஜூன் 4
ரூம்மேட் கேட்டுட்டு "அவனுங்களுக்கு ஃபீலிங்கே கிடையாதுடா, இதுல என்ன ஆராய்ச்சி"ன்னுட்டு தூங்கிட்டான்.

ஜூன் 7
அவனுக்குப் பதில் கிடைச்சிருச்சு. 2013ல நெதர்லாந்துல இந்த மாதிரி குற்றவாளிங்கள ஸ்கேன்ல படுக்க வச்சு வீடியோ காட்டியிருக்காங்க, ஒரு கை இன்னொரு கைய தடவிக் கொடுக்குது, அடிக்குது, தள்ளி விடுது. சும்மா பாருன்னு விட்டா மூளையில செயல்பாடு மத்தவங்கள விட கம்மி. அந்த ஆளுக்கு எப்படி இருக்கும்னு நீயும் உணர்ந்து பாருன்னு சொன்னதும் மத்தவங்களுக்கும் இவங்களுக்கும் இருந்த வித்தியாசம் நல்லாவே கொறைஞ்சிடுது! அப்ப முடியாதுன்னு இல்ல, தானா வர்றதில்ல, வேணும்னா வரவழைச்சுக்கலாம். எனக்கு இதுதான் ஃபீலிங்கே இல்லைங்கறத விட பயமா இருக்கு.

2016ல அமெரிக்கால ஒண்ணு, இது ஜெயிலுக்கு வெளிய இருக்கவங்கள வச்சு. சூதாட்டம் மாதிரி ஒரு கேம், தோத்தப்புறம் அடடா அத எடுத்திருக்கலாமேன்னு சைக்கோபாத் ஸ்கோர் அதிகமா இருக்கவங்களுக்கும் நல்லா வருத்தம் வருது. ஆனா அடுத்த தடவை முடிவெடுக்கும்போது அந்த வருத்தத்த கணக்குல எடுத்துக்கறதே இல்ல.

ஜூன் 8
பரோல் விஷயம். கனடால 310 ஆண் கைதிங்களோட ஃபைல பாத்தா (2009) சைக்கோபாத் ஸ்கோர் அதிகமா உள்ளவங்களுக்கு முன்கூட்டி விடுதலை கிடைக்கற வாய்ப்பு மத்தவங்கள விட சுமார் 2.5 மடங்கு, வெளிய போனதும் சீக்கிரமா சொதப்புறதும் அவங்கதான். போர்டு முன்னாடி உக்காந்து எங்க குரல் உடையணும்னு தெரிஞ்சு வச்சிருப்பான் போல.

ஒன்டாரியோல ஓக் ரிட்ஜ்னு குற்றவாளிங்கள அடைச்சு வைக்கற மனநல ஆஸ்பத்திரி, 1960, 70கள்ல அங்க இருந்தவங்கள வச்சே அவங்களுக்கு குரூப் தெரபி, மணிக்கணக்கா ஒருத்தன் மனச ஒருத்தன் தோண்டுறது. பின்னாடி கணக்கு எடுத்தா தெரபி போன சைக்கோபாத்ல 77% பேர் திரும்ப வன்முறை, போகாதவங்கள்ல 55%. அடுத்தவன் வலி எங்கன்னு நல்லா சொல்லிக் குடுத்திருக்காங்க, அவ்ளோதான்.

ஜூன் 10
மேடம் மெண்டோட்டாங்கற சிறார் சிகிச்சை மையத்த விடாதன்னாங்க. விஸ்கான்சின்ல 1995லேர்ந்து நடக்குது, கைய மீறுன பசங்களுக்கு. மனச மாத்தறேன்னு எறங்கல, இன்னிக்கு ஒழுங்கா இருந்தியா உடனே ஒரு சலுகை, நாளைக்கு திரும்ப மொதல்லேர்ந்து. அங்கேர்ந்து வெளிய போனவங்ககிட்ட வன்முறை கொறைஞ்சிருக்கு. தண்டனைய நினைச்சு பயப்படாதவன்கிட்ட தண்டனையவே காட்டிட்டு இருந்தா என்ன பிரயோஜனம், செமினார இங்கேர்ந்தே ஆரம்பிக்கப் போறேன்.