கருவா இலை எண்ணெய்: மூன்றாவது வடிப்பு

கொல்லையில் நிற்கும் கருவா மரத்தை, அதாவது லவங்கப்பட்டை மரத்தை, போன மாசம் கவாத்து செய்தோம். இலையைக் கசக்கினால் பட்டை வாசம் வரவில்லை, கிராம்பு வாசம்தான் வந்தது. ஒரே மரம், ஆனால் பட்டையின் எண்ணெயில் முக்கியச் சரக்கு சின்னமால்டிஹைடு, இலையில் யூஜெனால், வேர்ப்பட்டையில் கற்பூரம். கிராம்பின் வாசத்துக்கும் காரணம் இதே யூஜெனால்தான். அதை என் கையால் வடித்துப் பார்க்க ஆசை.

பத்து லிட்டர் குக்கர், வெயிட்டை எடுத்துவிட்டு ஆவி வரும் குழாயில் மாட்டிய செம்புச் சுருள், சுருளைக் குளிர்விக்க ஐஸ் போட்ட வாளி, சொட்டுவதைப் பிடிக்கக் கண்ணாடி ஜாடி. வழி எங்கும் அடைபடக் கூடாது, அடுப்பை விட்டு நகரவும் கூடாது. யூஜெனால் தனியாகக் கொதிக்க 254 டிகிரி வேண்டும். ஆனால் நீராவியோடு சேர்ந்தால் நூறு டிகிரிக்கும் கீழேயே கிளம்பி வந்துவிடும்.

முதல் வடிப்பு மொத்தமும் வீண். முன்பு யூக்கலிப்டஸ் வடித்த பழக்கத்தில் மேலே மிதக்கும் எண்ணெயைத் தேடினேன். ஒன்றும் இல்லை என்று ஜாடியைக் கவிழ்த்த பிறகுதான் அடியில் மஞ்சளாக ஏதோ வழிந்ததைப் பார்த்தேன். கருவா இலை எண்ணெய் தண்ணீரைவிடக் கனம், அடியில்தான் தங்கும். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

இரண்டாவது தடவை, நிழலில் காய்ந்த இலை அரை கிலோ, மூன்று மணி நேரம். அடுக்களைக்கு வந்த அம்மா, "என்ன மக்ளே, கிராம்பையா காய்ச்சுத?" என்று கேட்டாள். வடிந்த தண்ணீர் பால் மாதிரி கலங்கியிருந்தது. எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் அடர்த்தியில் வித்தியாசம் கொஞ்சம்தான், அதனால் சுலபத்தில் பிரியாது. ஒரு கை கல் உப்பைப் போட்டுக் கலக்கினேன். அடியில் கிடந்த மஞ்சள் துளிகள் அசைந்து, ஒவ்வொன்றாக மேலே ஏறி வந்து ஒட்டிக்கொண்டன. உப்பு கரைந்ததும் தண்ணீர் எண்ணெயைவிடக் கனமாகிவிட்டது. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிடைத்தது 2.5 மி.லி.

மூன்றாவதில் ஒரே மாற்றம்: வடிந்த தண்ணீரைக் கொட்டாமல் மறுபடி குக்கரிலேயே ஊற்றினேன். அதில் கரைந்திருக்கும் யூஜெனாலை ஏன் விட வேண்டும்? அதே அரை கிலோவுக்கு 3.5 மி.லி. வந்தது.

யூஜெனால் எவ்வளவு என்று பார்க்கப் பழைய முறை ஒன்று உண்டு. அது பீனால் வகை, காரத்தில் கரையும். கையுறையும் கண்ணாடியும் போட்டு, அளவு குறித்த சோதனைக் குழாயில் 1 மி.லி. எண்ணெயை 5 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலோடு குலுக்கி ஒரு நாள் வைத்தேன். கரையாமல் மேலே நின்றது சுமார் 0.2 மி.லி. அப்படியானால் எண்பது சதவீதம் பக்கம் பீனால். மிச்சத்தில் லினலூல், கேரியோஃபிலின் மாதிரியான வேறு வாசனைப் பொருள்கள் இருக்கும், அவற்றைப் பிரித்துச் சொல்ல கேஸ் குரோமட்டோகிராஃபி வேண்டும். கருவா இலை எண்ணெய்க்குப் பொதுவாகச் சொல்லும் யூஜெனால் அளவும் 70 முதல் 90 சதவீதம்தான். கணக்கு ஒத்துப்போனதில் அவ்வளவு சந்தோஷம்.

எண்ணெயைக் கண்ணாடிக் குப்பியில்தான் வைக்க வேண்டும், சில பிளாஸ்டிக்கை இது இளக்கிவிடும். தோலில் நேரடியாகப் பட்டால் எரியும்.

அடுத்து தெரளி இலை. அதுவும் கருவாவுக்குச் சொந்தக்கார மரம்தான், ஆனால் கசக்கினால் வாசம் வேறு. ஒரு கூடை நிறையப் பறித்துத் திண்ணையில் காயப் போட்டிருக்கிறேன். கொழுக்கட்டைக்கு என்று அம்மா பாதியை எடுத்துப் போய்விட்டாள்.