மேட்டில் மட்டும் சூடாகும் பழைய பிக்கப்: இதுவரை பார்த்தது

நெரிசலில் நின்று நின்று போனால் இந்த வண்டிக்கு ஒன்றும் ஆவதில்லை. நிறுத்தி வைத்து அரைமணி நேரம் ஐடிலில் ஓடவிட்டாலும் டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கும். ஆனால் நெடுஞ்சாலையில் 80-ஐத் தொட்டு, பின்னால் கொஞ்சம் சுமையும் இருந்து, நீளமான மேடு வந்தால் முள் மெல்ல எழுந்து சிவப்புக் கோட்டுப் பக்கம் போய்விடும். ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தி இறக்கத்தில் விட்டால் தானாக இறங்கும்.

கார்புரேட்டர் வைத்த பழைய பெட்ரோல் இன்ஜின். முன்னால் தண்ணீர் பம்போடு சேர்ந்து, எண்ணெய் நிரப்பிய கிளட்ச் வழியாகச் சுற்றும் விஸ்கஸ் ஃபேன், பித்தளைத் தொட்டி வைத்த செம்பு ரேடியேட்டர். ஒரு பட்டறையில் மூடியைக்கூடத் திறக்காமல் "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், ஹெட்டை இறக்கிடலாம்" என்றார்கள். ஹெட் என்பது இன்ஜினின் மேல்பகுதி; அதற்கும் சிலிண்டர்கள் உள்ள பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் தகடுதான் கேஸ்கெட். ஹெட்டை இறக்குவது எனக்குப் பயமில்லை. ஆனால் காரணம் தெரியாமல் இறக்க மனம் வரவில்லை.

வண்டி எப்போது சூடாகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். நிற்கும்போது சூடாகி, ஓடும்போது ஆறினால் காற்று போதவில்லை என்று அர்த்தம்: ஃபேன், அதைச் சுற்றியுள்ள கூடு, பெல்ட் இவற்றைப் பார்க்கலாம். ஓடும்போது சூடானால் கதை வேறு. வேகமாகப் போகும் வண்டியில் எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குள் புகுந்துவிடும். ஃபேனின் தேவை குறைவு. அப்போது சந்தேகம் தண்ணீர் ஓட்டத்தின் மேலும், ரேடியேட்டரின் திறன் மேலும் போகும். ஐடிலில் இன்ஜின் தரும் வெப்பம் சொற்பம். பாதி அடைத்த ரேடியேட்டர்கூட அதைச் சமாளித்துவிடும். மேட்டில்தான் அதன் சாயம் வெளுக்கும்.

அதற்கு முன் முள் உண்மை சொல்கிறதா என்று பார்த்தாக வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் பெட்ரோல் முள்ளுக்கும் டெம்பரேச்சர் முள்ளுக்கும் ஒரே வோல்டேஜ் ரெகுலேட்டர்தான். அது கெட்டால் இரண்டு முள்ளும் சேர்ந்தே உயரும். என் வண்டியில் பெட்ரோல் முள் அசையவில்லை. இருந்தாலும் மல்டிமீட்டரின் வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள் கம்பியை, இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குச் சூடான தண்ணீர் போகும் மேல் ஹோஸ் சேரும் இரும்புக் கழுத்தில் இறுக்கிக் கட்டி, கம்பியை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்தேன். அதே மேட்டில் 108 டிகிரி காட்டியது. முள் பொய் சொல்லவில்லை.

அடுத்து ஹெட் கேஸ்கெட். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைக் கையால் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் சூடாகும் முன்பே ஹோஸ் கல் மாதிரி இறுகினால், சிலிண்டர் வாயு உள்ளே கசிகிறது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். இங்கே மெதுவாக, சூட்டோடு சேர்ந்துதான் இறுகியது. ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் நிறம் இல்லை, சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை. கடைசியாக ரேடியேட்டர் வாயில் கருவியை வைத்து, உள்ளிருக்கும் காற்றை நீல நிறத் திரவம் வழியாக உறிஞ்சிப் பார்க்கும் சோதனை. சிலிண்டரில் எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். இன்ஜின் நன்றாகச் சூடாகும் வரை பார்த்தேன், நீலம் நீலமாகவே இருந்தது. ஹெட்டைத் தொட வேண்டாம் என்று நான் முடிவு செய்தது இதை வைத்துத்தான். சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் யாரும் திறந்துவிடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் கொதிக்காமல் இருக்கும் தண்ணீர் மூடி திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். இந்தத் திரவச் சோதனைக்கு ஆறிய வண்டியில் மூடியைக் கழற்றிவிட்டு அப்புறம்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

மூடியை ஹேண்ட் பம்ப் டெஸ்டரில் வைத்தபோது தன்மேல் அச்சிட்டிருந்த 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கியது. இந்த அழுத்தம் இருந்தால் கூலன்ட் பாதி தண்ணீர் பாதி கலவை 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. மேட்டில் 108 போனபோதும் தண்ணீர் வெளியே பொங்காததற்குக் காரணம் இந்த நல்ல மூடிதான்.

தண்ணீர் சூடான பிறகே ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, தெர்மாமீட்டரோடு தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டு சூடாக்கினேன். 82 என்று அதில் பொறித்திருக்கிறது. அந்த அளவில்தான் வாய் பிளக்க ஆரம்பித்தது, 95-க்குள் முழுதாகத் திறந்தது. பாத்திரத்தின் அடியில் படாமல் தொங்கவிடுவது முக்கியம், அடிப்பகுதி தண்ணீரைவிடச் சூடாக இருக்கும். தெர்மோஸ்டாட்டையே எடுத்து வீசிவிட்டு ஓட்டு என்று நிறையப் பேர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. குளிர்ந்தே ஓடும் இன்ஜின் பெட்ரோலையும் அதிகம் குடிக்கும், சீக்கிரமும் தேயும். தீப்பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங்கையும் டைமிங் லைட் வைத்துப் பார்த்தேன், ஏனென்றால் டைமிங் பின்தங்கினாலும் இன்ஜின் சூடேறும். அது சரியாக இருந்தது.

உருப்படியாக ஏதாவது கிடைத்தது கீழ் ஹோஸில்தான். நண்பர் ஆக்ஸிலேட்டரைக் கொடுக்க, நான் பெல்ட்டும் ஃபேனும் கைக்கு எட்டாத தூரத்தில் நின்று டார்ச் அடித்துப் பார்த்தேன். 3000 ஆர்பிஎம் தாண்டியதும் கீழ் ஹோஸ் நடுவில் உறிஞ்சப்பட்டுச் சப்பையானது, விட்டதும் மறுபடி உருண்டது. பம்ப் தண்ணீரை இழுக்கும் பக்கம் அது. சுவர் ஒட்டாமல் இருக்க உள்ளே ஒரு சுருள் கம்பி இருக்க வேண்டும். கழற்றிப் பார்த்தால், கம்பி இருந்த இடத்தில் துருத் துண்டுகள் மட்டுமே மிச்சம். ஓய்வு வேகத்தில் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இது தெரியாது. சிலர் வண்டி ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பையாவதைப் பார்த்து இதையே நினைப்பார்கள்; அது மூடியிலுள்ள திரும்பு வால்வின் கோளாறு, வேறு விஷயம்.

கம்பியோடு வந்த புதிய ஹோஸ் போட்டு அதே மேட்டில் ஏற்றினேன். 108 இருந்த இடத்தில் 101. நல்ல முன்னேற்றம், ஆனால் இன்னும் போதாது.

அப்புறம் ரேடியேட்டர். சூடான இன்ஜின் ஓடும்போது இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் அதன் முகத்தில் வரிசை வரிசையாக அளந்தேன். பளபளக்கும் உலோகத்தில் இந்தக் கருவி குறைத்துக் காட்டும், அதனால் கறுப்புப் பூச்சு உள்ள இடங்களில் மட்டும் குறி வைத்தேன். மேல் தொட்டியிலிருந்து கீழே வரவர வெப்பம் சீராகக் குறைய வேண்டும். வலப்பக்க ஓரத்தில் ஒரு கையகல இடம் மட்டும் சுற்றியிருப்பதைவிட 30 டிகிரி குளிர்ந்திருந்தது. அந்தக் குழாய்களில் தண்ணீரே ஓடவில்லை. அவற்றை அடைத்த துரு இத்தனை நாளாக ஹோஸிலிருந்து மட்டும் வந்திருக்காது. கூலன்ட் இல்லாமல் வெறும் தண்ணீரில் வண்டியை ஓட்டிய காலத்தில் பிளாக்கிலிருந்தும் உரிந்து வந்திருக்கும்.

பித்தளைத் தொட்டி என்பதால் இங்கே ஒரு வசதி. ஈயத்தை உருக்கித் தொட்டியைக் கழற்றி, குழாய்களுக்குள் தட்டைக் கம்பி விட்டு அடைப்பை எடுக்கலாம். பிளாஸ்டிக் தொட்டி வைத்த புதிய அலுமினிய ரேடியேட்டரில் அந்த வழி கிடையாது. ரேடியேட்டர் வேலை மட்டுமே செய்பவரிடம் கொடுத்தேன். தொட்டியைத் திறந்ததும் அவர் காட்டிய செம்மண் நிறக் கசடு என்னை உண்மையிலேயே வருத்தியது. இந்த நிலையிலும் இன்ஜின் ஓடியிருக்கிறதே! அவர் வேலையை முடிப்பதற்குள் நான் பிளாக்கை எதிர்த்திசையில் ஹோஸ் வைத்துக் கழுவி, வருவது தெளிவாகும் வரை விடவில்லை.

திரும்பப் பூட்டி, சுத்திகரித்த தண்ணீரும் கூலன்ட்டும் பாதிப் பாதி ஊற்றினேன். ஹீட்டரை முழுதாகத் திறந்து, வண்டி முகத்தை மேடான இடத்தில் நிறுத்தி, குமிழி வருவது நிற்கும் வரை காற்றை வெளியேற்றினேன். இதை அவசரப்படுத்தினால் காற்றுப் பொட்டலம் ஒன்று ஹெட்டில் சிக்கி, பழைய வியாதி திரும்பியதுபோலவே தெரியும்.

அதே மேடு, அதே சுமை. இப்போது 93 டிகிரி, மேலே ஏறி முடிக்கும் வரை 94-ஐத் தாண்டவில்லை. ஃபேன் கிளட்சைச் சுற்றி லேசான எண்ணெய்க் கறை இருக்கிறது. நெரிசலில் இன்னும் சூடாகாததால் அதை இப்போதைக்கு விட்டுவைத்திருக்கிறேன். கொஞ்சம் ஓடிய பிறகு கூலன்ட்டை ஒரு கண்ணாடி ஜாடியில் பிடித்து நிறம் பார்ப்பேன். மறுபடி பழுப்பு தெரிந்தால் பிளாக்கை இன்னொரு முறை கழுவ வேண்டியிருக்கும்.