இரண்டு காதும் திறந்திருக்க வேண்டும்

நம் கல்லூரி லேப்பின் யூனிக்ஸ் மெஷினில், இருவர் அடித்து அடித்தே பேசிக்கொள்ள 'டாக்' என்றொரு கட்டளை இருந்தது பலருக்கு நினைவிருக்கும். திரை இரண்டாகப் பிரியும். மேலே நாம் அடிப்பது, கீழே எதிராளி அடிப்பது. அவர் தப்பாக அடித்து அழிப்பதுகூட எழுத்து எழுத்தாகத் தெரியும். 1983-இல் யூனிக்ஸின் பெர்க்லி பதிப்பான 4.2 பிஎஸ்டியோடு பரவிய நிரல் அது. பையன்களும் பெண்களும் வராந்தாவில் நின்று பேசினாலே விசாரணை நடந்த காலம். அந்த லேப்பில் ஏன் எப்போதும் கூட்டம் என்று சாருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்!

நெட்வொர்க் லேப்பில் சாட் நிரலை நாமே எழுத வேண்டும் என்று வந்தபோதுதான் அதன் அருமை புரிந்தது. கீபோர்டிலிருந்து ஒரு வரி வாங்கு, அனுப்பு, பதிலுக்குக் காத்திரு, அச்சிடு. எல்லோரும் முதலில் எழுதியது இதைத்தான். கீபோர்டுக்காகக் காத்திருக்கும் நிரல், நெட்வொர்க் இணைப்பின் முனையான சாக்கெட்டைத் திரும்பிப் பார்க்காது. எதிராளி எத்தனை வரி அனுப்பினாலும் பஃபர் என்ற தற்காலிக நினைவகத்திலேயே கிடக்கும்.

ஒரு கோஷ்டி, ஓடும் நிரலை இரண்டு பிராசஸாக்கும் ஃபோர்க் போட்டு, படிக்க ஒரு பிராசஸ், அனுப்ப ஒரு பிராசஸ் என்று பிரித்தது. நன்றாகவே ஓடியது. ஆனால் ஒன்றை மூடினால் மற்றது சாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு உயிரோடு இருக்கும். இன்னொரு கோஷ்டி தூங்காமல் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்க்கும் லூப் எழுதியது. லேப் முழுக்க அதே மெஷினைப் பகிர்ந்த எல்லா டெர்மினலும் நத்தையானது.

சரியான வழி 'செலக்ட்'. அதுவும் 4.2 பிஎஸ்டி தந்ததுதான். கீபோர்டு, சாக்கெட் இரண்டையும் யூனிக்ஸின் மையமான கர்னலிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்கலாம். எதில் ஏதாவது வந்தாலும் அது எழுப்பிவிடும். செலக்ட் திரும்பி வரும்போது, எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று நாம் கொடுத்த பட்டியலையே மாற்றி எழுதிவிடும் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக நிரப்ப வேண்டும். படித்தால் பூஜ்யம் பைட் வந்தால் எதிராளி போய்விட்டார் என்று அர்த்தம். அதைக் கவனிக்காத நிரல் நிற்காமல் சுற்றும்.

என்னைக் கேட்டால் நிஜமான வேலை அதற்கு அப்புறம்தான். பாடத்தில் இது வரவே இல்லை. நீங்கள் 'கேன்டீனுக்கு வர்றி' வரை அடித்திருக்கும்போது எதிராளியின் செய்தி அதே வரியில் வந்து ஒட்டிக்கொள்ளும். அனுப்பப்போகும் வரிக்கு ஒன்றும் ஆகவில்லை, அது கீபோர்டையும் திரையையும் கவனிக்கும் டெர்மினல் டிரைவரிடம் பத்திரமாக இருக்கிறது, திரைதான் அலங்கோலம். என்டர் அடிக்கும்வரை நிரலுக்கு ஒரு எழுத்தும் தெரியாது, அதனால் சரிசெய்யவும் முடியாது. வரி வரியாக வாங்கும் முறையையும், அடிப்பதைத் தானாகத் திரையில் காட்டும் எக்கோவையும் அணைத்து, எழுத்துகளை நாமே சேர்த்து வைக்க வேண்டும். செய்தி வந்தால் வரியின் தொடக்கத்துக்குப் போய், திரைக்குக் கட்டளையிடும் எஸ்கேப் குறியீட்டால் அழித்து, செய்தியை அச்சிட்டு, அடுத்த வரியில் அரைகுறை வாக்கியத்தை மறுபடி எழுத வேண்டும். பேக்ஸ்பேஸும் இனி நம் பொறுப்பு!

நடுவில் நிரல் செத்தால் டெர்மினல் எக்கோ இல்லாமலே நிற்கும். அடிப்பது எதுவும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு, டெர்மினலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் 'எஸ்டிடிஒய் சேன்' (stty sane) கட்டளையை அடித்தால் பிழைக்கும். ஜூனியர்கள் மெஷின் போச்சு என்று பயந்து ஓடி வருவார்கள். அதை அடித்துக் காட்டி நாம் பெற்ற மரியாதை கொஞ்சநஞ்சமல்ல.

கல்லூரியை விட்டு வந்த பிறகும் எனக்குப் பிழைப்பு சர்வர் நிரல்தான். செலக்டின் இடத்தில் இப்போது அதே வேலையைச் செய்யும் லினக்ஸின் ஈபோல். அந்த லேப் ரெக்கார்டின் டாட் மேட்ரிக்ஸ் பிரின்ட் யாரிடமாவது இருந்தால் அடுத்த ஒன்றுகூடலுக்கு எடுத்து வாருங்கள்.