கருப்பு சிவப்புக் கிண்ணம் சுட்டுப் பார்த்தோம்

கீழடி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனவர்களுக்குத் தெரியும். தந்தச் சீப்பு, பகடைக்காய், தங்கத் துண்டு என்றால் நின்று பார்ப்பார்கள், பானை ஓடு இருக்கிற பக்கம் வந்தால் கால் தானாக வேகம் எடுத்துவிடும். ஆனால் எந்த அகழாய்வுக் குழியிலும் கூடை கூடையாக வெளியே வருவது ஓடுதான். காலம், தொழில், எழுத்து என்று பாதி விஷயத்தை அதுதான் சொல்கிறது. அதனால் விடுமுறை நாள்களில் எங்கள் பகுதியில் கூடுகிற குழுவுக்கு (பெரும்பாலும் பிள்ளைகள், துணைக்கு வந்து கடைசியில் அவர்களைவிட மும்முரமாகிவிடுகிற பெரியவர்கள்) ஒரு வேலை யோசித்தோம். கருப்பு சிவப்புக் கிண்ணத்தை நாமே சுடுவது, அதில் தமிழி (தமிழ் பிராமி) என்கிற பழைய எழுத்தில் பெயர் கீறுவது, அப்புறம் உடைத்துப் புதைத்து இன்னொரு குழுவைத் தோண்ட வைப்பது. இதுவரை நடந்தது இது.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. கருப்பு சிவப்பு மட்கலன் என்பது உள்பக்கமும் வாய் விளிம்பும் கருப்பாக, வெளியே கீழ்ப்பாதி சிவப்பாக இருக்கிற பாத்திரம். ஆதிச்சநல்லூர், கொடுமணல், கீழடி என்று பழைய இடங்களில் எல்லாம் கிடைப்பது. இரண்டு நிறத்துக்கும் சாயம் காரணம் இல்லை, ஒரே மண்தான். பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது வாய்ப்பக்கம் உமி, சாம்பல் மாதிரி எதிலாவது புதைந்திருந்தால் அங்கே காற்று போகாது, கரி மண்ணின் நுண்துளைகளில் ஏறிக் கருத்துவிடும். காற்று படுகிற வெளிப்பக்கத்தில் மண்ணில் உள்ள இரும்பு ஆக்ஸிஜனோடு சேர்ந்து சிவக்கும். படித்தால் இவ்வளவுதான், சூளை வைத்துப் பார்த்தால் வேறு கதை.

கிண்ணம் வனைவதை நாங்கள் முயலவே இல்லை. பக்கத்து ஊர் வேளார் (குயவர்) ஒருவர் சக்கரத்தில் வனைந்து கொடுத்தார். எங்கள் வேலை தேய்ப்பது. பழைய ஓடுகளில் தெரிகிற அந்த வழவழப்பு, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து வருவது. "ஈரம் வத்தி விரல் பதியாத பதத்துல தேய்ங்கப்பா, முழுசா காஞ்சுட்டா கல்லு கீறத்தான் செய்யும், பளபளப்பு வராது" என்றார். அப்படியே நடந்தது. பொறுமையாக ஒரே திசையில் தேய்த்தவர்களின் கிண்ணம் மங்கலாக மின்னியது, அவசரப்பட்டவர்களுடையதில் கல் போன தடம் தனித்தனிக் கோடாக நின்றது. பிறகு ஒரு அருங்காட்சியக ஓட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அதிலும் அதே கோடுகள். "இதுவும் அவசரக்காரர் தேய்ச்சதுதான்" என்று ஒரு சிறுமி சொன்னாள். அந்தப் பெயர் தெரியாத ஆளை அவள் பிடித்துவிட்ட மாதிரிதான் இருந்தது.

முதல் சூளையில் கிண்ணங்களை உமி மேல் கவிழ்த்து, சுற்றி வரட்டி அடுக்கி, மேலே வைக்கோல் போட்டு மண் பூசி மூடினோம். திறந்து பார்த்தால் எல்லாம் முழுக் கருப்பு. காற்று எங்குமே போகவில்லை, அவ்வளவுதான். ஈரம் சரியாகப் போகாத கிண்ணம் ஒன்று சூடு ஏறும்போதே டப்பென்று வெடித்துப் பக்கத்தில் இருந்ததையும் சேர்த்து உடைத்திருந்தது.

அடுத்ததில் மண் பூச்சு வேண்டாம் என்று முடிவு செய்தோம். கிண்ணத்துக்குள் உமியை நன்றாகத் திணித்து, விளிம்பு இரண்டு விரல்கடை புதையும்படி உமிப் படுக்கையில் கவிழ்த்தோம். விறகும் வரட்டியும் இடைவெளி விட்டு அடுக்கியதால் மேல்பாகத்துக்குக் காற்று தாராளமாகக் கிடைத்தது. தணல் நன்றாக ஆறிய பிறகு எடுத்தால், சரியாக அந்தப் பழைய பாத்திரங்களின் நிறம். எல்லாவற்றிலும் இல்லை, சிலதில் கருப்புத் திட்டு வெளியே ஏறியிருந்தது, சிலது பழுப்பாகவே நின்றுவிட்டது. எனக்குப் பிடித்தது கருப்பும் சிவப்பும் சந்திக்கிற கோடுதான். ஒரு கிண்ணத்தில் அது ஒரு பக்கம் விளிம்பை ஒட்டியும், எதிர்ப்பக்கம் பாதி உயரம் வரையும் போயிருந்தது. உமி அந்தப் பக்கம் குவிந்து கிடந்திருக்கிறது, அதன் மட்டம் அப்படியே பதிந்துவிட்டது. உண்மையான ஓட்டிலும் இந்தக் கோடு நேராக இருப்பதில்லை. இதற்கு முன் அதை நான் கவனித்ததே கிடையாது.

குழுவில் ஒரு பெரியவர் விடவில்லை. கவிழ்த்துத்தான் சுட்டார்கள் என்று எப்படிச் சொல்வது, முதலில் சிவப்பாகச் சுட்டுவிட்டு அப்புறம் கருப்பு ஏற்றியிருக்கலாமே என்றார். நியாயமான கேள்வி, ஆய்வாளர்களிடமும் இரண்டு கருத்தும் உண்டு. சரி, அதையும் பார்ப்போம் என்று வேளாரிடம் சிவப்பாகச் சுட்ட கிண்ணங்கள் சில வாங்கி, தணலில் சூடேற்றி, இடுக்கியால் எடுத்து உமிக் குவியலில் கவிழ்த்தோம். குபீரென்று புகை. ஆறியதும் உள்ளே கன்னங்கரேல், விளிம்பிலும் கருப்பு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எப்படிச் சுட்டது என்று நிறத்தை வைத்து யாராலும் சொல்ல முடியவில்லை, கேள்வி கேட்ட பெரியவர் உட்பட.

அப்புறம் எழுத்து. கீழடி நான்காம் கட்ட அகழாய்வில் 56 பானை ஓடுகளில் தமிழி எழுத்துப் பொறிப்பு கிடைத்தது, அதில் ஆதன் போன்ற பெயர்கள் உண்டு. நாங்களும் அவரவர் பெயரையே எடுத்துக்கொண்டோம். பாதிப் பேர் ஈர மண்ணில் குச்சியால் கீறினார்கள், மீதிப் பேர் சுட்ட பிறகு ஆணியால். ஈர மண்ணில் கோடு வழுக்கிக்கொண்டு போகும், இரண்டு கரையிலும் மண் மெல்லிய வரம்பாக எழும்பி நிற்கும். சுட்ட பிறகு கீறினால் கரை பிசிறிப் பொடியாக உதிரும், கோட்டுக்குள் உள்மண்ணின் வெளிறிய நிறம் தெரியும். சுடுவதற்கு முன் கீறியதா பின் கீறியதா என்று ஆய்வாளர்கள் பிரிப்பது இதை வைத்துத்தான், இப்போது எங்கள் குழுவில் எட்டு வயதுப் பிள்ளையும் பிரிக்கும்.

ஆணி பிடித்தவர்கள் பாடு எழுத்தைப் பொறுத்து மாறியது. தமிழியில் 'க' ஒரு கூட்டல் குறி, 'ர' நேர்க்கோடு, 'ந' தலைகீழான ஆங்கில T, எல்லாம் நிமிடத்தில் முடிந்துவிடும். பெயரில் 'வ' வந்தவர்கள்தான் மாட்டினார்கள். அதற்கு ஒரு வட்டம் போட்டு மேலே கோடு இழுக்க வேண்டும், சுட்ட மண்ணின் வளைவில் ஆணியால் வட்டம் வராது, பல்பல்லாக உடைந்த பலகோணம்தான் வரும். ஒரு பையன் வெறுத்துப்போய்ப் பெயரை விட்டுவிட்டு ஒரு மீன் கீறிக் கொடுத்தான். ஓடுகளில் எழுத்தைவிடக் குறியீடுகள் அதிகம் கிடைப்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். அவனைக் கேட்டால் ஒரே காரணம்தான் சொல்வான்.

உடைப்பதற்குத்தான் மனசு வரவில்லை யாருக்கும். நன்றாக வந்ததை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு மீதியை உடைத்தோம். பலகை அடித்த பெரிய தொட்டியில் செம்மண், மணல், சாம்பல் கலந்த மண் என்று அடுக்கடுக்காகப் போட்டு ஓடுகளை வேறு வேறு அடுக்கில் வைத்தோம். தோண்டியது இந்த வேலை எதிலும் இல்லாத இன்னொரு குழு. நூல் கட்டிக் கட்டம் பிரித்து, கரண்டியால் சுரண்டி, எந்த ஓடு எந்த அடுக்கில் என்று எழுதி, அளவுகோல் வைத்துப் படம் எடுத்தார்கள். பெயர்கள் பெரும்பாலும் துண்டாகத்தான் கிடைத்தன. ஒரு துண்டில் இருந்த கூட்டல் குறி 'க'வா, வெறும் குறியா என்று பெரிய சண்டை, கீறிய பெண் பக்கத்திலேயே நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விளிம்புத் துண்டை வட்டங்கள் வரைந்த தாளில் பொருத்தி வாயகலம் கண்டுபிடிக்கிற வேலையும் கொடுத்தோம். 18 செ.மீ. கிண்ணம்தான். நீளமான துண்டு கிடைத்தவர்கள் ஏறக்குறைய சரியாகச் சொன்னார்கள், கட்டைவிரல் அளவுத் துண்டு வைத்திருந்தவர்கள் 14 முதல் 22 வரை இஷ்டத்துக்குச் சொன்னார்கள்.

தொட்டியில்தான் தோண்ட வேண்டும் என்பதில் நான் கறாராக இருந்தேன். பாதுகாக்கப்பட்ட இடத்தில் அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம், அதைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டுமானத்துக்கும் தடை. மண்ணுக்குள் புதையலாக எது கிடைத்தாலும், 10 ரூபாய்க்கு மேல் மதிப்பு இருந்தால் ஆட்சியருக்குச் சொல்ல வேண்டும் என்கிற 1878ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் இருக்கிறது. இதைச் சொன்னபோது யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு பையன் கண்மாய்க் கரையில் ஓடு கிடப்பதைப் பார்த்துவிட்டு, எடுக்காமல், பக்கத்தில் பேனாவை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். போய்ப் பார்த்தோம். உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு, கோடு ஒரு பக்கம் ஏறியிருந்தது. அது கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு, படத்தோடும் இடக்குறிப்போடும் மாவட்ட அருங்காட்சியகத்துக்குத் தகவல் கொடுத்திருக்கிறோம்.

மழை தொடங்கிவிட்டதால் கிண்ணம் காயாது, அதனால் சூளை வேலை இப்போதைக்கு நிற்கிறது. அடுத்த முறை உமிக்குப் பதில் மரத்தூளும் உலர்ந்த இலைச்சருகும் போட்டுக் கருப்பு எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். வேளார் ஒரு சின்னத் தாழி வனைந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார், அதைச் சுட எங்கள் சூளை போதாது, அவருடைய சூளையில் இடம் கேட்டிருக்கிறோம்.