டின்னர் அண்ட் டான்ஸ் காசுல டாம்வொர்த்

வெளிநாட்டு டூர் போயிட்டு வந்தேன்னு சொன்னா போதும், சொந்தக்காரங்க எல்லாம் பையன் செட்டில் ஆயிட்டான்னு முடிவு பண்ணிடுறாங்க. இங்க சிங்கப்பூர்ல, தேக்கா மார்க்கெட்ல பாத்த மாமா ஒருத்தர் "என்னப்பா, ஆஸ்திரேலியா காசுல வாங்குறியாமே"ன்னு கேக்குறாரு. நான் சிரிச்சுட்டு வந்துட்டேன். காசு அங்கேருந்து இங்க வரல மாமா, இங்கேருந்துதான் அங்க போகுது. டின்னர் அண்ட் டான்ஸ்னு கம்பெனிங்க வைக்கிற விருந்து, கல்யாண ரிசெப்ஷன், அறுபதாம் கல்யாணம்னு எல்லாத்துலயும் கௌபாய் தொப்பி மாட்டிக்கிட்டு அடுத்தவங்க பாட்டைப் பாடி சேத்த சிங்கப்பூர் வெள்ளியிலதான் என் சொந்தப் பாட்டு ஆஸ்திரேலியாவுல டாம்வொர்த் கன்ட்ரி மியூசிக் திருவிழாவுக்கு பிளேன் ஏறுது.

தமிழ்ப் பையனுக்கு கன்ட்ரி மியூசிக், அதான் அந்த அமெரிக்க கிராமத்துப் பாட்டு, எதுக்குன்னு கேக்குறவங்க இப்பவும் உண்டு. எங்க வீட்ல ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வந்தா அப்பா அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸ் கேசட்தான் போடுவாரு, அந்தக் காலத்து தமிழ் கிறிஸ்தவ வீடுகள்ல இது ஒன்னும் அதிசயம் இல்ல. அதுவும் போக, இந்த ஊருக்கு கன்ட்ரி புதுசும் கிடையாது. 70-கள் கடைசியிலேயே மேத்யூ அண்ட் த மாண்டரின்ஸ்னு ஒரு பேண்டு இருந்துச்சு, அதுல பாடின மேத்யூ டானை சிங்கப்பூர் கௌபாய்னே சொல்லுவாங்க. நம்ம ஊரு இங்கிலீஷ்லயும் கன்ட்ரி பாடலாம்னு தைரியம் வந்தது அவரால.

ஆரம்பத்துல பப்ல வாசிச்சேன். ஒரு நைட்டுக்கு மூணு செட், ஒவ்வொன்னும் முக்கா மணி நேரம். டிஷ்யூ பேப்பர்ல ரிக்வெஸ்ட் எழுதி அனுப்புவாங்க, முக்காவாசி மேற்கு விர்ஜீனியாவப் பத்தி வர்ற அதே 'கன்ட்ரி ரோட்ஸ்' பாட்டுதான். சொந்தப் பாட்டு பாடப்போறேன்னு மைக்ல சொன்னா அந்த நிமிஷமே பாதி பேரு போனை எடுத்துடுவாங்க, இல்ல டாய்லெட்டுக்கு எழுந்துடுவாங்க. அதனால நான் சொல்றதே இல்ல. ரெண்டாவது செட்ல, கொஞ்சம் பியர் இறங்கின நேரத்துல, எல்லாருக்கும் தெரிஞ்ச ரெண்டு பாட்டுக்கு நடுவுல அதே சுருதி, அதே வேகத்துல கைதட்ட கேப் விடாம என் பாட்டை ஓட்டிடுவேன். ஒருநாள் பார் பக்கத்துல உக்காந்திருந்த அங்கிள் "தம்பி, இது யாரு பாட்டு, எங்கேயோ கேட்டிருக்கேனே"ன்னாரு. எனக்கு அதுக்கு மேல அவார்டு தேவைப்படல.

பாடுறது இந்த வேலையில சின்னப் பங்குதான். இன்வாய்ஸ் அனுப்பணும், ரெண்டு மாசம் கழிச்சு ஞாபகப்படுத்தணும், ஈவென்ட் கம்பெனி அக்கவுன்ட்ஸ்ல இருக்குற அக்காவ பகைச்சுக்கவே கூடாது. வருஷத்துக்கு நிகர வருமானம் 6,000 வெள்ளி தாண்டினா மெடிசேவ்ங்கிற மருத்துவச் சேமிப்புக்கும் நம்மளே கட்டணும், முதலாளின்னு யாரும் கிடையாது. இதுக்கு நடுவுல தேசிய சேவை முடிச்சவங்கள திரும்ப ராணுவப் பயிற்சிக்குக் கூப்பிடுற ரிசர்விஸ்ட் லெட்டர் வரும், அது எப்பவுமே நல்ல புக்கிங் இருக்குற வாரமா பாத்துத்தான் வரும்.

டாம்வொர்த்துன்னா நியூ சவுத் வேல்ஸ்ல, சிட்னியிலேருந்து காருல 400 கிலோமீட்டர் போல. ஜனவரி வந்தா பத்து நாளு ஊரே கன்ட்ரி. ஆஸ்திரேலிய கன்ட்ரி பாட்டுக்கான கோல்டன் கிட்டார் அவார்டு 1973-லேருந்து குடுக்குறாங்க, ஊருக்கு வெளிய 12 மீட்டர் உயரத்துல தங்க நிறத்துல ஒரு கிட்டாரே நிக்குது. இன்னைக்கு பெரிய கன்ட்ரி ஸ்டாரா இருக்குற கீத் அர்பன் 1990-ல புதுப் பாடகர்களுக்கான ஸ்டார் மேக்கர் போட்டி ஜெயிச்சது இங்கதான். இதெல்லாம் பெருமைக்கு நல்லா இருக்கும், ஆனா நம்மள மாதிரி ஆளுக்கு பீல் ஸ்ட்ரீட்தான், ரோட்டு ரெண்டு பக்கமும் பஸ்கர்ஸ்னு தெருப் பாடகர்கள், உன் பாட்டு முடியுறதுக்குள்ள பக்கத்து ஆளோட ஃபிடில் (வயலின்) உன் மைக்ல ஏறிடும். டூரிஸ்ட் விசால போய் காசுக்குப் பாட முடியாது, 408-ன்னு ஒரு தற்காலிக விசா இருக்கு, அந்தப் பேப்பர் வேலைய நினைச்சாலே தலை சுத்தும்.

யாரும் சொல்லித் தராத இன்னொரு விஷயம் கிட்டார். சிங்கப்பூர்ல காத்துல ஈரம் 80 சதவீதம் போல, அக்கூஸ்டிக் கிட்டாருக்குப் பிடிச்சது 45, 50. இங்க ஊறின மரம் அங்க வறண்ட வெயில்ல சுருங்கிடுது, ஆனா ஃப்ரெட்னு கழுத்துல குறுக்கே பதிச்சிருக்குற கம்பி உலோகம், அது சுருங்காது. அதனால கழுத்து ஓரத்துல கம்பி முனை எல்லாம் நீட்டிக்கிட்டு கைய கீறும், கோர்டு (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு) மாத்த கைய இழுக்குறப்பல்லாம் எரியும். சோப்பு டப்பால ஓட்டை போட்டு ஈர ஸ்பாஞ்ச் வெச்சு கிட்டார் பெட்டிக்குள்ள போடச் சொன்னது அங்க இருந்த வயசான பேஸ் கிட்டார் வாசிக்கிறவரு. அதுதான் இன்னும் என் பெட்டியில இருக்கு.

நம்பர் சிஸ்டம் பழகிக்கிட்டதும் அவருகிட்டதான். அமெரிக்காவுல கன்ட்ரி பாட்டுக்குப் பேர்போன நாஷ்வில் ஸ்டூடியோக்கள்ல 50-கள் கடைசியிலேருந்து வந்த பழக்கம் இது. கோர்டு பேரு எழுதாம, அது பாட்டோட ஸ்கேல்ல எத்தனாவது சுரமோ அந்த நம்பரை 1, 4, 5-ன்னு எழுதிடுவாங்க. ஜி-ல பாடினா 1-ன்னா ஜி, 4-ன்னா சி, 5-ன்னா டி. காலையில தொண்டை கட்டிடுச்சா, "எஃப்-ல போலாம்"னு ஒரு வார்த்தை சொன்னா போதும், பேப்பர் அப்படியே இருக்கும். ரிகர்சலே இல்லாம முன்ன பின்ன தெரியாத மூணு பேரு என் பாட்டுக்கு பின்னாடி வாசிச்சாங்க, இங்க வருஷக்கணக்கா கூட வாசிக்கிற பேண்டு கூட அப்படி ஒட்டினது இல்ல.

தாத்தா ஹார்பர்ல மூட்டை தூக்கினதப் பத்தி ஒரு பாட்டு வெச்சிருக்கேன். இங்க டின்னர்ல அதைப் பாடினா சூப் வர்ற நேரத்துல காணாமப் போயிடும். அங்க ஒரு ஹோட்டல் பின்கட்டுல பாடினேன், கூட்டம்னு சொல்ல முடியாது, ஆனா ஒரு கிளாஸ் சத்தம் கூட கேக்கல. முடிஞ்சதும் ஆடு வளக்குற ஒருத்தர் வந்து "உங்க தாத்தாவுக்கு கடைசியில முதுகு என்ன ஆச்சு"ன்னு கேட்டாரு. முதுகைப் பத்தி பாட்டுல ஒரு வரி கூட கிடையாது. மூட்டை தூக்கினவனை மூட்டை தூக்கினவனுக்குத் தெரியும்போல.

சரி, கணக்குக்கு வர்றேன். டிக்கெட், காரு, விசா, சாப்பாடு எல்லாம் போக கையில நிக்கிறது ஒன்னும் இல்ல. இங்க காம்பஸ், அங்க அப்ரான்னு பாட்டு எழுதுறவங்களுக்கு உரிமைப் பணம் வாங்கித் தர்ற சங்கங்க இருக்கு, எங்க என்ன பாடினேன்னு லிஸ்ட் குடுத்தா ரொம்ப நாள் கழிச்சு கொஞ்சம் வரும். பெருசா எதிர்பாக்கக் கூடாது, ஆனா லிஸ்ட் குடுக்காம விடுறது சுத்த சோம்பேறித்தனம்.

பிரச்சனை ஜனவரிதான். சீனப் புத்தாண்டு டின்னர் புக்கிங்கெல்லாம் குவியுறது அந்த நேரத்துல, டாம்வொர்த்தும் அதே நேரம். போனா செலவு மட்டும் இல்ல, இங்க வர்ற வருமானமும் போச்சு. புத்தாண்டு பிப்ரவரி நடுவுல வர்ற வருஷம்னா ரெண்டையும் சமாளிக்கலாம், ஜனவரி கடைசியில வந்தா ஏதாவது ஒன்னுதான். இந்தத் தடவை ஒரு பழைய கிளையன்ட் கேட்டப்ப, பிப்ரவரிக்குத் தள்ளினா வரேன், விலையும் கொஞ்சம் குறைச்சுக்கலாம்னு சொல்லியிருக்கேன். இன்னும் பதில் வரல, விசா ஃபாரத்தை மட்டும் நிரப்பி வெச்சிருக்கேன்.