ஸ்டேஷன் இருக்கிறது, தண்டவாளம் இல்லை

தேனி மாவட்டத்தில் போடிக்குப் பக்கத்தில் இருக்கும் குரங்கணிக்கு மேலே, மலையில் ஒரு ஊருக்குப் பெயர் சென்ட்ரல் ஸ்டேஷன். அதற்கும் மேலே, மலை விளிம்பில், டாப் ஸ்டேஷன். இரண்டு ஊருக்கும் இன்று ரயில் கிடையாது. சின்ன வயதில் அம்மாச்சியிடம் இதைக் கேட்டேன். "ரயிலு ஓடாமலா ஸ்டேசன்னு பேரு வப்பாங்க? எங்கய்யா அங்க தேயிலப் பெட்டி தூக்குனவருடா. பெட்டி கம்பியில தொங்கிக்கிட்டே மேகத்துக்குள்ள போயிருமாம்" என்றார். மேகத்துக்குள் போகும் பெட்டியை நான் மறக்கவே இல்லை. நாற்பத்தெட்டு வயதில் அதைத் தேடிப் போனேன்.

அம்மாச்சியின் அய்யா வேலை பார்த்தது குண்டளப் பள்ளத்தாக்கு ரயில்வேயில். 1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் போட்டது. முதலில் அது ஒற்றைத் தண்டவாளம். ஒரே ஒரு இரும்புப் பாதை, அதன்மேல் வண்டியின் சின்னச் சக்கரங்கள். வண்டி சாயாமல் இருக்க, பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் மண் சாலையில் உருண்டுகொண்டே வரும். பாரத்தில் பெரும்பகுதி இரும்பின் மேல்தான் இருக்கும் என்பதால் மாடுகளே இழுத்துவிடும். எஞ்சின் கிடையாது. பஞ்சாபில் பாட்டியாலா சமஸ்தானம் இதே முறையில் ரயில் ஓட்டியது இதற்குச் சில வருடம் கழித்துத்தான். அந்த வண்டியை டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். நம் மலையில் ஓடியதற்கு அப்படி ஒரு இடம் இல்லையே என்று எனக்கு நிஜமாகவே வருத்தம்.

1908-ல் மாடுகளை நிறுத்திவிட்டு, இரண்டடி அகலப் பாதை போட்டு நீராவி எஞ்சின் கொண்டுவந்தார்கள். தேயிலை மூணாறிலிருந்து ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கீழே கொட்டகுடிக்கு இறங்கும். அப்புறம் போடி, கடைசியில் கப்பல் ஏறிச் சீமை வரைக்கும் போகும்.

ரயிலை ஏன் நேரே போடிக்கே இறக்கவில்லை? அந்த இடத்தில் போய் நின்றால் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிடும். மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரம், டாப் ஸ்டேஷன் சுமார் 1,700 மீட்டர். முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடி அவ்வளவுதான் ஏறவேண்டும், ரயிலுக்கு அது சுகமான ஏற்றம். ஆனால் டாப் ஸ்டேஷன் விளிம்பிலிருந்து கொட்டகுடிக்கு ஐந்து கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். சாதாரண ரயில் எதுவும் அதில் இறங்காது.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போடிமெட்டு வழியாகப் போனேன். மூணாறில் ஜீப் ஓட்டும் மாமா மகன் கூட வந்தான். "மச்சான், நூறு வருசத்துக்கு முன்னாடி போன இரும்ப இப்ப எங்க தேடுறது?" என்றான். இரும்பைத் தேடாதே மாப்ள, சரிவைத் தேடு என்றேன். சின்ன ரயில் என்றாலும் நூறடி போனால் மூன்று நான்கு அடிக்கு மேல் ஏறத் திணறும். அதனால் மலையை வளைத்து வளைத்துத்தான் போகும். போடிமெட்டுச் சாலை ஊசி வளைவு வளைவாக முட்டி ஏறுவதையும், மாட்டுப்பட்டியிலிருந்து குண்டளைக்குப் போகும் சாலை ஓடையை ஒட்டி அலுங்காமல் போவதையும் ஒரே நாளில் பார்த்தால் வித்தியாசம் உடம்புக்கே தெரியும். ஒரு இடத்தில் சாலை ஒரு பக்கம் திரும்ப, தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு பழைய மண்திட்டு மட்டும் மலையைச் சுற்றி நேர்மட்டமாகப் போய்க்கொண்டிருந்தது. இறங்கி அதன்மேல் நடந்தோம். இருநூறு அடிதான். அதற்குமேல் புதர்.

மூணாறிலேயே பார்க்க வேண்டியவை இரண்டு. பழைய ரயில் நிலையக் கட்டடம் இன்று தேயிலைக் கம்பெனியின் அலுவலகம். அலுமினியப் பாலம் என்று எல்லோரும் சொல்லும் பாலம் அந்தக் காலத்தில் ரயில் போனது. தினமும் அதைக் கடந்து போகும் மாப்ளைக்கே இது தெரியாது. ஜீப்பை ஓரம் கட்டிவிட்டு ஒருமுறை நடந்தே கடந்தான்.

குண்டளைக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நின்றோம். கொட்டகையின் பின்பக்கத் தூண் இரும்பு. பெயிண்ட் அடித்து அடித்துத் தடித்துப் போயிருந்தது. ஆனாலும் தட்டையான அடிப்பாகமும், ஒடுங்கிய இடுப்பும், உருண்டையான தலையும் தெளிவாகத் தெரிந்தன. தண்டவாளத் துண்டு! சட்டைப்பையில் இருந்த ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். உயரம் ஏழு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். இன்றைய அகல ரயில்பாதைத் தண்டவாளம் பதினேழு சென்டிமீட்டர் இருக்கும். இந்த மலைக்கு இவ்வளவு சிறிய தண்டவாளம் வேறு எங்கிருந்து வந்திருக்கும்? கடைக்கார அம்மா, "எங்க மாமனார் காலத்துல இருந்தே இருக்கு தம்பி, துரு கூடப் பிடிக்கல" என்றார். கையை எடுக்க மனசே வரவில்லை. இதே இரும்பின் மேல் வந்த பெட்டியைத்தான் என் பூட்டன் தூக்கியிருப்பாரோ என்று தோன்றியதும் தொண்டை அடைத்தது.

1924 ஜூலையில் வந்த வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. மலையாளிகள் அதைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்பார்கள், கொல்லம் ஆண்டு 1099. அதற்குப் பிறகு யாரும் அந்தப் பாதையை மறுபடி போடவில்லை. எங்கள் போடி ரயில் அப்படி இல்லை. 1928-ல் வந்தது, இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள், ஐம்பதுகளில் திரும்பப் போட்டார்கள். அகலப்பாதைக்காக மறுபடி நிறுத்தி, 2023 ஜூனில் திரும்பவும் வந்துவிட்டது. குண்டளை ரயிலுக்கு அந்த இரண்டாவது வாய்ப்புக் கிடைக்கவே இல்லை.

டாப் ஸ்டேஷனில் கூட்டம் முழுக்கக் காட்சிமுனைப் பக்கம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. நாங்கள் ரோப்வே இருந்த இடத்துக்குப் போனோம். பாசி படிந்த கல்கட்டு, இடிந்த மேடை, அவ்வளவுதான் மிச்சம். அதன் விளிம்பில் உட்கார்ந்தோம். கீழே ஒரே வெள்ளை. பத்து நிமிடம் கழித்து மேகம் ஓரிடத்தில் கிழிந்தது. தூரத்தில் நம்ம ஊர்ப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் தெரிந்தன. அம்மாச்சி சொன்ன பெட்டி அந்தக் கிழிசல் வழியாகத்தான் இறங்கியிருக்க வேண்டும். அவர் இருந்திருந்தால் வீடியோ காலில் காட்டியிருப்பேன்.

அடுத்து கொட்டகுடிப் பக்கம், கம்பிவடம் வந்து இறங்கிய இடம். குரங்கணியிலிருந்து மலையேற வனத்துறை அனுமதி வேண்டும், 2018 காட்டுத்தீக்குப் பிறகு அதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதனால் முறையாக எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போகப் போகிறேன். மூணாறு, குண்டளை, சிற்றிவரைப் பக்கம் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்கள் இதைப் படித்தால், உங்கள் வீட்டுத் தூணையும் கேட் காலையும் ஒருமுறை பெயிண்டைச் சுரண்டிப் பாருங்கள். தலை உருண்டையாக இருந்தால் ஸ்கேலை வைத்து அளந்து எனக்குச் சொல்லுங்கள்.